நாட்டு மருந்தா, இங்கிலீஷ் மருந்தா: பாதுகாப்பை எதை வைத்து முடிவெடுப்பது?

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள், அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா என் மருந்துக்கடைக்கு வந்தார். மருத்துவர் எழுதிக் கொடுத்த மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம் சீட்டு ஒரு கையிலும், உறவினர் ஒருவர் வாங்கிக் கொடுத்த சர்க்கரை நோய்ப் பொடி டப்பா மறு கையிலும் இருந்தன. சர்க்கரை நோய் இருப்பது அவருக்கு அந்த வாரம்தான் தெரிந்திருந்தது. "தம்பி, இங்கிலீஷ் மருந்த ஆரம்பிச்சா கிட்னி போயிரும்ங்கிறாங்க. இது மூலிகைதான, ஒண்ணும் செய்யாதுல்ல?" என்று கேட்டார். ஒட்டன்சத்திரம் பக்கத்தில் கடை வைத்திருக்கும் எனக்கு இது புதிய கேள்வி அல்ல என்றாலும், இரண்டு மருந்துகளையும் மேசைமேல் அருகருகே வைத்துவிட்டு ஒருவர் என் முகத்தைப் பார்த்து நின்றது அதுவே முதல் முறை. அன்று கூட்டத்துக்கு நடுவே அவருக்குச் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். சொல்ல நினைத்ததை முழுமையாக இங்கே எழுதுகிறேன்.

அவருடைய கேள்விக்குள் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. ஆலையில் செய்த மருந்து உறுப்புகளைக் கெடுக்கும் என்பது ஒன்று. செடியிலிருந்து வந்தது கெடுதல் செய்யாது என்பது மற்றொன்று. இரண்டையும் தனித்தனியே சோதித்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் முதலாவது பொய் என்று ஆனாலும் இரண்டாவது மெய்யாக இருக்கலாம்.

மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. அந்த மருந்து உடலில் சிதையாமல் சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுகிறது. எனவே ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவருக்கு அது உடலில் தேங்கி, இரத்தத்தில் லாக்டிக் அமிலம் கூடும் ஆபத்தை உண்டாக்கலாம். இதனால்தான் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 30 மில்லிலிட்டருக்குக் கீழே போனவர்களுக்கு அதைக் கொடுப்பதில்லை. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு மருத்துவர் இந்த மாத்திரையை நிறுத்துவதைப் பார்த்த ஊரார், மாத்திரையால்தான் சிறுநீரகம் கெட்டது என்று காரணத்தைத் தலைகீழாக்கிக் கொண்டார்கள். உண்மையில் சிறுநீரகத்தை அரிப்பது பல ஆண்டுகள் கட்டுப்படாமல் ஓடிய சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும்தான். மாத்திரைக்கு வேறு குறைகள் உண்டு: தொடக்கத்தில் வயிற்றுப்போக்கும் குமட்டலும் வரும், நீண்ட காலம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 வைட்டமின் குறையக்கூடும். இவை இரண்டும் எழுத்தில் இருக்கின்றன, சோதித்துக் கண்டறியக்கூடியவை, சரிசெய்யக்கூடியவை. பயனும் எழுத்தில் இருக்கிறது. பிரிட்டனில் பல ஆண்டுகள் நடந்து 1998-ல் வெளியான பெரிய ஆய்வில், உடல் எடை கூடுதலாக இருந்த சர்க்கரை நோயாளிகள் 342 பேருக்கு மெட்ஃபார்மின் கொடுக்கப்பட்டது. உணவுக் கட்டுப்பாட்டை முதன்மையாகக் கொண்டிருந்தவர்களோடு ஒப்பிட, சர்க்கரை நோய் தொடர்பான இறப்பு இவர்களிடையே 42 விழுக்காடு குறைந்திருந்தது.

இந்த மாத்திரையின் வம்சாவளியைச் சொன்னால் பலரும் நம்புவதில்லை. ஐரோப்பாவில் கலேகா என்றொரு செடி உண்டு. ஊதாப் பூப்பூக்கும் அவரையினச் செடியான அதை, அங்குள்ள நாட்டு வைத்தியர்கள் பல நோய்களுக்குப் பயன்படுத்தி வந்தார்கள். அதிலுள்ள கலெகின் என்ற பொருள் இரத்தச் சர்க்கரையைக் குறைப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். ஆனால் மனிதருக்கு மருந்தாகக் கொடுக்க முடியாத அளவுக்கு அதற்கு நச்சுத்தன்மை இருந்தது. அந்தச் செடியை மேய்ந்து செத்த ஆடுகள் ஏராளம். தீவனத்துக்கென்று 1891-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்குக் கொண்டுபோகப்பட்ட அது, பின்னர் அங்கே ஒழிக்க வேண்டிய நச்சுக் களையாக அறிவிக்கப்பட்டது. அதே வேதிக் குடும்பத்தில் 1920-களில் ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்ட சிந்தாலின் என்ற மருந்து கல்லீரலைக் கெடுத்ததால் கைவிடப்பட்டது. 1950-களில் வந்த ஃபென்ஃபார்மின் பல நாடுகளில் நன்றாக விற்றது. லாக்டிக் அமிலம் கூடிப் பலர் இறந்ததால் 1970-களில் அது அமெரிக்காவில் விலக்கப்பட்டது, இந்தியாவில் 2003-ல்தான் தடை செய்யப்பட்டது. 1922-லேயே செய்யப்பட்டு, 1957-ல் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து வெளியிட்ட மெட்ஃபார்மின் மட்டும் இன்று வரை நிலைத்திருக்கிறது. ஆக, ஒரே குடும்பத்தில் இயற்கையாகக் கிடைத்தது ஆபத்தானது, செயற்கையாகச் செய்தவற்றில் இரண்டு ஆபத்தானவை, ஒன்று மிகவும் பாதுகாப்பானது. செடியா, ஆலையா என்ற கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு இந்த நால்வரில் நல்லவரைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

இனி அந்த அம்மாவின் மறு கையிலிருந்த டப்பாவுக்கு வருவோம். சிறுகுறிஞ்சான், நாவல் கொட்டை, ஆவாரம்பூ, வெந்தயம், கருஞ்சீரகம் எனப் பெயர்கள் அச்சிடப்பட்டிருந்தன. எது எவ்வளவு என்று இல்லை. உரிம எண் இல்லை. தயாரித்த தேதியும் இல்லை. இந்தச் சரக்குகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் சிறிது நேரத்துக்கு நாக்கில் இனிப்பு தெரியாது என்பதை யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே சோதிக்கலாம், அதன் சாரத்துக்குச் சர்க்கரையைக் குறைக்கும் ஆற்றல் இருப்பதாகச் சிறிய ஆய்வுகள் கூறுகின்றன, வெந்தயமும் உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையைச் சற்றுத் தணிக்கிறது. ஆனால் சில பத்துப் பேரிடம் சில மாதங்கள் பார்த்த பலனையும், பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து இறப்பு குறைகிறதா என்று எண்ணிய பலனையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. சர்க்கரை நோயில் நாம் அஞ்ச வேண்டியது காலைப் பரிசோதனையின் எண்ணை அல்ல. பத்தாண்டு கழித்துப் போகும் கண்ணையும் காலையும் இதயத்தையும்தான். அந்தப் பொடி இவற்றைக் காக்கும் என்று சொல்ல இன்று யாரிடமும் சான்று இல்லை.

மரபு மருத்துவம் அறிந்தவர்கள், இயற்கையானது என்பதால் கெடுதல் செய்யாது என்று ஒருபோதும் சொன்னதில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். சித்த மருத்துவத்தில் சுத்தி என்று, சரக்குகளின் நச்சைப் போக்கும் தனித் துறையே இருக்கிறது. சேராங்கொட்டை, எட்டி, நாபி, நேர்வாளம் போன்ற சரக்குகளைச் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்ப்பதைக் குற்றமாகவே வைத்தியர்கள் கருதினார்கள். நாபி என்ற நச்சுக் கிழங்கைப் பாலிலோ கோமியத்திலோ ஊறவைத்து வேகவைக்கும் முறையை இன்றைய வேதியியல் விளக்குகிறது: இதயத்துடிப்பைக் குலைக்கும் அக்கோனிட்டின் அந்தச் சூட்டில் சிதைந்து, நச்சுத்தன்மை பல மடங்கு குறைந்த பொருளாகிறது. துணை மருந்தும் பத்தியமும் காலக்கெடுவும் சேர்ந்தே அங்கே ஒரு மருந்து ஆகிறது. இந்தியாவின் மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள் விதிகளிலும், மேற்பார்வையில்லாமல் உண்ணக் கூடாத ஆயுர்வேத, சித்த, யுனானி சரக்குகளுக்கென்று தனி அட்டவணை உள்ளது. அரளி, ஊமத்தை, எட்டி, குன்றிமணி, நாபி, அபின், பாதரசம், ஆர்செனிக் சேர்ந்த தாளகம் முதலியவை அதில் இடம்பெற்றிருக்கின்றன. இவை சேர்ந்த மருந்தின் மேலுறையில் மருத்துவ மேற்பார்வையில் உண்ண வேண்டும் என்ற எச்சரிக்கை அச்சிடப்பட வேண்டும். பக்க விளைவே இல்லாத மூலிகை என்ற பேச்சு விளம்பரக்காரர்களுடையது. பரம்பரை வைத்தியர் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

இருந்தும், மரபின் கண்ணுக்குத் தப்பிய நஞ்சுகள் உண்டு. அதற்கான காரணம்தான் இந்த ஒப்பீட்டின் மையம் என்று நான் கருதுகிறேன்.

பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரில் உடல் மெலிவதற்காகச் சிகிச்சை பெற்ற பெண்கள், 1990-களின் தொடக்கத்தில் ஒருவர் பின் ஒருவராகச் சிறுநீரகம் செயலிழந்து மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். நடுத்தர வயதுப் பெண்கள். இதற்கு முன் சிறுநீரக நோய் இல்லாதவர்கள். விசாரித்தபோது எல்லோரும் ஒரே இடத்தில், சீன மூலிகை சேர்ந்த மெலிவு மருந்தை உண்டிருந்தது தெரிய வந்தது. ஸ்டெஃபானியா என்ற மூலிகைக்குப் பதிலாக, சீனப் பெயரில் ஒத்திருந்த அரிஸ்டோலோக்கியா என்ற வேறொரு மூலிகை அதில் கலந்துவிட்டிருந்தது. பாதிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கும் மேல். பலருக்கு டயாலிசிஸோ மாற்றுச் சிறுநீரகமோ தேவைப்பட்டது, பின்னர் சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. தானூப் ஆற்றையொட்டிய பால்கன் கிராமங்களில் தலைமுறைகளாக மக்களை வாட்டிய, காரணம் தெரியாத சிறுநீரக நோயும் இதே செடி இனத்தால் வந்ததே என்று பிறகு விளங்கியது. அங்கே அது கோதுமை வயலில் களையாக முளைத்து, அதன் விதை மாவோடு சேர்ந்து அரைபட்டிருந்தது. அரிஸ்டோலோக்கிக் அமிலம் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவது உறுதி என்ற முதல் தொகுதியில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அதைச் சேர்த்திருக்கிறது.

நமக்கு இது தொலைதூரக் கதை அல்ல. நம் ஊர்க் கரிசல் காட்டில் படர்ந்து கிடக்கும் ஆடுதீண்டாப்பாளையும், விஷக்கடிக்குப் பேர்போன ஈசுரமூலியும் அரிஸ்டோலோக்கியா இனத்தைச் சேர்ந்தவைதான்; அந்த அமிலம் இவற்றிலும் இருக்கிறது. நூற்றாண்டுகளாகப் புழங்கிய மருந்தின் கெடுதலை ஏன் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை என்று கேட்டால், வைத்தியர்களின் அறிவில் குறையில்லை, கெடுதல் வந்த காலத்தில்தான் சிக்கல் என்பேன். குடித்த அன்றே வாந்தியெடுக்க வைக்கும் சரக்கை மரபு முதல் தலைமுறையிலேயே கண்டுகொண்டு, சுத்தியோ விலக்கோ விதித்துவிடும். உண்டு ஐந்து ஆண்டு கழித்து, வலியில்லாமல், சத்தமில்லாமல் சிறுநீரகம் சுருங்கினால் அதையும் அந்த மருந்தையும் இணைத்துப் பார்க்க எந்த வைத்தியராலும் முடிந்திருக்காது. சிறுநீரகம் சுருங்கியதையே அந்தக் காலத்தில் பார்க்க வழியில்லை. ஆகவே, "ஆயிரம் வருஷமாச் சாப்பிடுறாங்க" என்ற வாதம் உடனடி நஞ்சுக்கு எதிராக வலுவான சான்று. மெதுவான நஞ்சுக்கு எதிராக ஏறத்தாழ ஒன்றுமில்லை.

செயற்கை மருந்துகளுக்கும் இப்படி ஒரு குருட்டுப் புள்ளி இருக்கிறது. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. 1957-ல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு, மிகவும் பாதுகாப்பான தூக்க மருந்து என்ற விளம்பரத்தோடு கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் கொடுக்கப்பட்டது. 1961 நவம்பரில் அது விலக்கப்படுவதற்குள் கைகால் வளராமல் பிறந்த குழந்தைகள் உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேல். அமெரிக்காவில் பிரான்சிஸ் கெல்சி என்ற அதிகாரி, கொடுக்கப்பட்ட ஆதாரம் போதாது என்று ஒப்புதலை நிறுத்தி வைத்ததால் அந்த நாட்டின் குழந்தைகள் பெரும்பாலும் தப்பினார்கள். அதன் பிறகுதான் மருந்துச் சோதனைச் சட்டங்கள் பல நாடுகளில் இறுகின. இறுகிய பிறகும் 1999-ல் மூட்டுவலிக்கு வந்த ரோஃபெகாக்ஸிப், வயிற்றைப் புண்ணாக்காத புதுத் தலைமுறை மாத்திரை என்று பெயர் வாங்கி, மாரடைப்பு ஆபத்தைக் கூட்டுவது உறுதியானபின் 2004 செப்டம்பரில் விலக்கப்பட்டது. ஒப்புதலுக்கு முந்தைய சோதனையில் சில ஆயிரம் பேர்தான் இருப்பார்கள். பத்தாயிரத்தில் ஒருவருக்கு வரும் கெடுதலோ, ஒன்றரை ஆண்டுக்குப் பின் தலைகாட்டும் கெடுதலோ அங்கே தெரியாது. எனவே புதிய மருந்தைப் பற்றி ஐயப்படுகிற மூத்தவர்களின் உள்ளுணர்வில் நியாயம் இருக்கிறது. வந்து இரண்டு ஆண்டு ஆன மாத்திரைக்கும், அறுபது ஆண்டாகக் கோடிக்கணக்கானோர் உண்டு வரும் மாத்திரைக்கும் நான் ஒரே மதிப்புக் கொடுப்பதில்லை. அதே பலன் தரும் பழைய மாத்திரை இருக்கும்போது புதியதைத் தேடி ஓட வேண்டியதில்லை என்றே வாடிக்கையாளர்களுக்குச் சொல்லி வருகிறேன். ஆனால் பழையது, புதியது என்பது வேறு கோடு. இயற்கை, செயற்கை என்பது வேறு கோடு. மெட்ஃபார்மினும் பாராசிட்டமாலும் செயற்கையானவை, அதே சமயம் பழையவை. சென்ற ஆண்டு ஒரு நிறுவனம் ஐந்து மூலிகைச் சாரங்களைப் புதிதாகக் கலந்து வில்லையாக்கினால், அது இயற்கையானது, அதே சமயம் முற்றிலும் புதியது.

இரண்டு முறைகளுக்கும் குருட்டுப் புள்ளி இருக்கும்போது, தவறு நடந்தபின் அதைக் கண்டுபிடிக்க யார் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. ரோஃபெகாக்ஸிப் ஐந்தாண்டில் பிடிபட்டது, காரணம் அதை உண்டவர்களின் மாரடைப்புகளை எண்ணிக்கொண்டிருந்த ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. இந்தியாவில் 2010 முதல் மருந்துகளின் பாதக விளைவுகளைத் திரட்டும் தேசியத் திட்டம் நடக்கிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே பேசிப் பதிவு செய்யலாம். ஆயுஷ் மருந்துகளுக்கும் தனியாக அப்படியொரு ஏற்பாடு சில ஆண்டுகளாக இருக்கிறது. ஆனால் மரபு நூலில் உள்ள சூத்திரப்படி, அதே நோய்க்குச் செய்யும் மருந்துக்கு உரிமம் பெறப் பாதுகாப்பு ஆய்வு கேட்கப்படுவதில்லை. நூலின் சான்றே போதும். உரிமமே இல்லாமல் டப்பாவில் வரும் பொடியைப் பற்றியோ எவரும் எதையும் எண்ணுவதில்லை. கெடுதல் பதிவாகாத மருந்து கெடுதல் செய்யாத மருந்தாகத் தோன்றிவிடுகிறது.

அளவைப் பற்றி எங்கள் வட்டாரத்துச் செடி ஒன்றை வைத்தே சொல்லலாம். ஒட்டன்சத்திரம், மூலனூர், தாராபுரம் பக்கங்களில் உழவர்கள் கண்வலிக்கிழங்கு பயிரிடுகிறார்கள். அரசு மலரான செங்காந்தளேதான் அது. விதைக்காகவே பயிராவதால் பூப்பூக்கும் பருவத்தில் காலை நேரத்தில் ஆட்கள் ஒவ்வொரு பூவாகத் தொட்டு மகரந்தம் சேர்ப்பதைப் பார்க்கலாம். விதை கிலோக்கணக்கில் வெளிநாடு போய், அதிலிருந்து கோல்சிசின் பிரித்தெடுக்கப்பட்டு, கௌட் என்ற மூட்டு நோய்க்கு 0.5 மில்லிகிராம் மாத்திரையாகத் திரும்பி என் கடைக்கு வருகிறது. அப்பட்டமான இயற்கை மருந்து. என் அலமாரியில் நான் மிகவும் எச்சரிக்கையோடு கொடுப்பவற்றுள் ஒன்று. கொஞ்சம் கூடினாலே வாந்தியும் பேதியும் தொடங்கி, சில நாட்களில் எலும்பு மஜ்ஜை வரை எல்லாவற்றையும் முடக்கிவிடும். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கோடு சேர்த்து உண்டதால் இறந்தவர்களும் உண்டு. கிழங்கை வேறு கிழங்கு என்று நினைத்துத் தின்று செத்தவர்களின் கதை இந்த ஊரில் யாருக்கும் புதிதல்ல. ஒரு கிழங்கில் எத்தனை மில்லிகிராம் இருக்கும் என்று எவராலும் பார்த்துச் சொல்ல முடியாது, மண்ணும் பருவமும் வயதும் அதை மாற்றிவிடும்; மாத்திரையில் இருப்பதோ எடையிட்ட அரை மில்லிகிராம். பொருள் ஒன்றுதான், ஆனால் அளவு தெரிந்ததால் மட்டுமே அது மருந்தாகிறது. வட இலங்கையில் மஞ்சள் அலரி விதையைத் தின்று உயிர்விட்டவர்களின் இதயத்தை நிறுத்தியதும், இதய நோயாளிகளுக்கு டிஜாக்சின் மாத்திரையாக நாம் எண்ணிக் கொடுப்பதும் ஒரே வகைப் பொருள்கள்தான்.

தரத்தில் இரு பக்கமும் மோசமான முன்னுதாரணங்கள் உள்ளன. அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற, தெற்காசியாவில் செய்யப்பட்ட 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்து 2004-ல் வெளியான ஆய்வில், 14 பொருள்களில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. அவற்றில் சில பற்பம், செந்தூரம் போல வேண்டுமென்றே உலோகம் சேர்க்கப்படும் முறையைச் சார்ந்திருக்கலாம்; ஆனால் வாங்குகிறவருக்கு அது தெரியாது, அதைப் புடம் போட்டவரின் கைத்திறனும் தெரியாது. சிங்கப்பூரில் 2008-ன் முதல் ஐந்து மாதங்களில், சர்க்கரை நோயே இல்லாத 150 பேர் இரத்தச் சர்க்கரை திடீரென இறங்கி மருத்துவமனைக்கு வந்தார்கள், நால்வர் இறந்தார்கள். ஆண்மைக்கென்று விற்ற போலி மாத்திரையிலும் மூலிகை மருந்துகளிலும் கிளிபென்கிளமைடு என்ற செயற்கைச் சர்க்கரை மருந்து கலந்திருந்தது. "நாட்டு மருந்து உடனே கேக்குது" என்று யாராவது சொல்லும்போது எனக்கு முதலில் தோன்றுவது இந்தச் செய்திதான். மூட்டுவலிப் பொடி இரண்டே நாளில் வலியைப் போக்கி, பசியையும் கூட்டி, முகத்தையும் உப்ப வைத்தால் அதில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று சந்தேகிக்க வேண்டும். மறுபக்கம், 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாடா மாவட்டத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் உயிரைக் குடித்த இருமல் சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டைஎதிலீன் கிளைக்கால் என்ற தொழிற்சாலைக் கரைப்பான் 48.6 விழுக்காடு இருந்ததைத் தமிழ்நாட்டு மருந்து ஆய்வகம் கண்டறிந்தது. உரிமம் பெற்ற நவீன மருந்துதான் அது. அந்தச் செய்தியைப் படித்த நாளில் என் அலமாரியிலிருந்த சிறுவர் சிரப் ஒவ்வொன்றையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். இன்றும் அதை நினைத்தால் மனம் அடங்குவதில்லை.

அந்தக் குழந்தைகளில் பலருக்கு வந்திருந்தது சாதாரணச் சளியும் காய்ச்சலும்தான் என்பது இன்னொரு வகையில் வலிக்கிறது. இங்கேதான் வீட்டு மருந்து தெளிவாக வெல்கிறது. ஒரு வயது கடந்த குழந்தையின் இருமலுக்கு ஒரு கரண்டித் தேன், கடையில் விற்கும் பெரும்பாலான சிரப்புகளுக்குக் குறையாத பலன் தருகிறது. பிரிட்டனின் அரசு வழிகாட்டுதலே தேனைப் பரிந்துரைக்கிறது. ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடாது, ஏனெனில் அதிலிருக்கக்கூடிய நுண்ணுயிரியின் வித்து பச்சைக்குழந்தையின் குடலில் முளைத்து நரம்பைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கலாம். வயிற்றுப்போக்குக்கு உப்பிட்ட அரிசிக் கஞ்சி, நாட்பட்ட மலச்சிக்கலுக்கு இசப்கோல், குமட்டலுக்கு இஞ்சி ஆகியவற்றை நான் தயங்காமல் முதலில் சொல்வேன். ஆடாதோடையை மட்டும் சற்று யோசித்துச் சொல்வேன். அதிலுள்ள வாசிசின் என்ற பொருளை முன்மாதிரியாக வைத்தே புரோம்ஹெக்சின் செய்யப்பட்டது, அதன் வழியே வந்ததுதான் இன்று பல இருமல் சிரப்புகளில் இருக்கும் அம்ப்ராக்சால். ஆனால் வாசிசினுக்குக் கருப்பையைச் சுருக்கும் தன்மையும் இருப்பதால் கர்ப்பிணிக்கு ஆடாதோடைக் கஷாயம் ஆகாது.

தேர்வுக்கே இடமில்லாத நோய்களும் இருக்கின்றன. குழந்தைப் பருவத்தில் வரும் முதல் வகைச் சர்க்கரை நோயில் இன்சுலினை நிறுத்திவிட்டுக் கஷாயம் கொடுத்தால் சில நாட்களில் உயிர் போகும். இன்சுலின் வரலாற்றையும் இயற்கை விரும்பிகள் அறிய வேண்டும்: 1922 தொடங்கி அறுபது ஆண்டுகள் அது மாட்டின், பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டது, ஊசி போட்ட இடத்தில் தோல் குழிவதும் ஒவ்வாமையும் அப்போது சாதாரணம், 1982-ல் நுண்ணுயிரியை வைத்து ஆலையில் செய்த மனித இன்சுலின் வந்தபின் அந்தத் தொல்லைகள் வெகுவாகக் குறைந்தன. காசநோய், எச்.ஐ.வி., வலிப்பு, மாரடைப்பு ஆகியவற்றிலும் நிலை இதுவே.

என் அனுபவத்தில், தனியாக உண்ட மூலிகையைவிட, மருத்துவரிடம் சொல்லாமல் மாத்திரையோடு சேர்த்து உண்ட மூலிகையே அதிகம் தொல்லை தந்திருக்கிறது. தொண்டைக்கு இதமென்று தினமும் அதிமதுரம் மெல்லும் ஒருவருக்கு இரத்தக் கொதிப்பு ஏறும், பொட்டாசியம் இறங்கும். அவர் ஏற்கெனவே நீர் பிரிக்கும் மாத்திரையோ டிஜாக்சினோ உண்பவராக இருந்தால் இதயத்துடிப்பு தடுமாறும். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் கொடிக் கஷாயத்தை மாதக்கணக்கில் குடித்த சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021-ல் பதிவு செய்தார்கள். அது சீந்திலே அல்ல, அதைப் போன்ற வேறு கொடியாக இருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அந்த மறுப்பு சரியாகவே இருந்தாலும், கொடியை அடையாளம் காணத் தெரியாதவர் அதைக் காய்ச்சிக் குடிக்கக் கூடாது என்பதற்கு அதுவே போதுமான காரணம்.

இவ்வளவையும் மனத்தில் வைத்தே அந்த அம்மாவுக்கு அன்று சுருக்கமாகப் பதில் சொன்னேன். சிறுநீரகச் சோதனை செய்தார்களா என்று முதலில் கேட்டேன். மருத்துவர் கிரியாட்டினின் பார்த்திருந்தார், அளவு சரியாக இருந்தது. அப்படியானால் மாத்திரையை இரவு உணவோடு தொடங்கலாம், முதல் பத்து நாள் வயிறு கொஞ்சம் படுத்தும், பொறுத்துக்கொள்ளுங்கள், ஆண்டுக்கொரு முறை சிறுநீரகத்தையும் சில ஆண்டு கழித்துப் பி12-ஐயும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். வெந்தயத்தை ஊறவைத்துச் சாப்பிடுவதை விட வேண்டியதில்லை என்றும், இந்தப் பொடியில் எது எவ்வளவு இருக்கிறது என்று எனக்கும் தெரியவில்லை, உங்களுக்கு வாங்கிக் கொடுத்தவருக்கும் தெரியாது என்றும் சொன்னேன். சித்த மருந்துதான் வேண்டுமென்றால் அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவில் பட்டம் பெற்ற மருத்துவர் இருக்கிறார், அவரிடம் மாத்திரைச் சீட்டையும் காட்டுங்கள் என்றேன். அவர் சற்று நேரம் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அக்கா மகன் ஆசையா வாங்கிக் குடுத்தான், தூக்கிப் போட மனசு வரல தம்பி" என்றார். தூக்கிப் போட வேண்டாம், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மாத்திரை அட்டையோடு அந்த டப்பாவையும் பையில் எடுத்துப் போய்க் காட்டுங்கள் என்றதும் தலையசைத்து, இரண்டையும் தனித்தனி மஞ்சள் பையில் போட்டுக் கட்டிக்கொண்டு போனார்.